வேறு வாசல்

நரின் நகரில் டிசம்பர். வெளியே மைனஸ் இருபத்திரண்டு.
பதிவு அலுவலகத்தில் விளக்குக்கு முன்பே
கணினியைத்தான் உயிர்ப்பித்தேன்.
காற்றாடி சுழன்றது, பெட்டியில் பச்சைப் புள்ளி எரிந்தது.
திரையில் மட்டும் ஒரு சின்ன நீலக் கட்டம்
மூலைக்கு மூலை மிதந்து
ரஷ்ய மொழியில் சொன்னது: சிக்னல் இல்லை.
சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விட்டது.

கவுண்டருக்கு அந்தப் பக்கம் ஒரே ஒருவர்,
எஸென்கெல்தி, நிலக்கரி லாரி ஓட்டுகிறவர்.
கையில் மருத்துவமனைச் சீட்டு:
பெண், மூவாயிரத்து நானூறு கிராம்.
பெயர், சிகரெட் பெட்டியின் உள்பக்கத்தில்
அவர் மனைவியின் கையெழுத்தில்: மேரிம்.
கருணை என்று அர்த்தம்.
"மதியத்துக்குள் கணவாயை மூடிவிடுவார்கள்" என்றார்,
கெஞ்சலாக இல்லை, வானிலை அறிக்கை போல.

கேபிளைப் பிடுங்கி மறுபடி செருகினேன்,
இரண்டு முனையும்.
திருகுகளை நகத்தால் முறுக்கினேன்.
இயக்குநர் அறையிலிருந்து வேறு கேபிள் கொண்டுவந்தேன்
(அவர் விடுப்பில், அவர் கேபிள் பணியில்).
மின்சாரத்தைத் துண்டித்து
முப்பது வரை எண்ணினேன்.
பிஷ்கெக்கில் ரினாத்துக்குப் போன் செய்தேன்.
"அணைத்துப் போட்டாயா?" என்றான்.
அதற்குச் சம்பளம் வாங்குகிறான்.

"லாரி என்றால் பேட்டரி முனையைச் சுரண்டுவேன்"
என்றார் எஸென்கெல்தி.
பெட்டியைத் திறந்தோம்.
ஒன்பது வருடத் தூசி, ஒரு காலண்டர் ஆணி.
நினைவகப் பட்டையைக் கழற்றி
அதன் தங்கப் பற்களை
என் பென்சில் ரப்பரால் தேய்த்துக் கொடுத்தார்,
நிலக்கரி ஏறிய விரல்களை முதலில்
தன் குல்லாயில் துடைத்துக்கொண்டு.
செருகினோம். இருட்டு.
ஆனால் அந்த இருட்டுக்குள்ளிருந்து
டிங்.

கடவுச்சொல் கேட்கும்போது வரும் மணி அது.
ஆக, உள்ளே ஆள் இருக்கிறது.
பூட்டிய வீட்டில் ரேடியோ பாடுவது போல.

ஒன்பது வருடமாக அதே படிவம்.
கண் மறந்தாலும் விரலுக்குத் தெரியும்:
குடும்பப் பெயர், தாவு. பெயர், தாவு. எடை, தாவு, தாவு.
கறுப்புக் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே
ஒரு குழந்தையைத் தட்டச்சினேன்.
அச்சிடு என்றேன்.
மூலையில் பிரிண்டர் தொண்டையைச் செருமியது.
எஸென்கெல்தி குல்லாயைக் கழற்றிவிட்டார்.

தாள் சூடாக வந்தது.
எடையின் இடம் காலி.
பெயர்: மேரி.

"ஒரே எழுத்தில் வேறு ஊர்க்காரி ஆகிவிட்டாளே"
என்று அவர் சிரித்த சிரிப்பில்
கவுண்டர் கண்ணாடி அதிர்ந்தது.
நான் சிரிக்கவில்லை.
அது எண்ணிட்ட தாள். வீணானால் விளக்கம் எழுதவேண்டும்.

ஆத்திரத்தில்தான் திரையைச் சாய்த்தேன்.
கீழ் விளிம்பில், தடவினால் மட்டும் தெரியும் ஒரு பொத்தான்.
அழுத்தினேன்.
இது எந்த வாசல் என்று கேட்டது திரை.
இன்னொரு முறை அழுத்தினேன்.
எங்கள் மலைப்படம், படிவம், எல்லாம் வந்து நின்றன,
எங்கேயும் போகாதவை போல.

மாலைதோறும் குல்ஜமால் திரையைத் துடைப்பாள்,
விளிம்பையும் விடாமல்.
நேற்று அவள் துணி அந்தப் பொத்தானில் நின்றிருக்கிறது.
காலை முழுக்க இது
யாரும் வராத கதவைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது,
நாங்கள் அடுத்த கதவை உடைத்துக்கொண்டிருந்தோம்.

படிவத்தில் அந்த 'ம்'மைக் கண்டுபிடித்தேன்.
தாவலை அவசரப்பட்டு அழுத்தியிருக்கிறேன்.
எடைக் கட்டத்தில்,
மூவாயிரத்து நானூறுக்கு முன்னால்
உட்கார்ந்திருந்தது.
எடுத்து அவளிடமே சேர்த்தேன்.

லாரி கிளம்பும் சத்தம் கேட்டபோது மணி பதினொன்று இருபது.

வீணான தாள்களின் பதிவேட்டில்
'காரணம்' என்ற பத்தியில்
தொழில்நுட்பக் கோளாறு என்று எழுதப் போனேன்.
எதிலும் கோளாறு இல்லையே.
வெகுநேரம் பேனாவைப் பிடித்திருந்து
'சுத்தம்' என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.